அவித்த முட்டையும் சார்லஸ் பாலமும்

பாலத்துக்குச் சுண்ணாம்புக் காரை குழைக்க வேண்டும், முட்டை அனுப்புங்கள் என்று ராஜா ஊர் ஊராக ஆணை அனுப்பினாராம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வண்டி நிறைய ஏற்றிவிட்டார்கள். வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் நன்றாக அவித்து! செக் நாட்டில் வெல்வரிக்காரர்களைக் கிண்டல் செய்ய இந்தக் கதை ஒன்று போதும்.

ராஜா நான்காம் சார்லஸ். பாலம், பிராக் நகரில் வல்டாவா ஆற்றின் மேல் 16 வளைவுகளோடு 516 மீட்டர் நீளும் சார்லஸ் பாலம். முன்பு அங்கிருந்த யூதித் பாலத்தை 1342 வெள்ளம் சிதைத்துவிட்டதால், 1357-ல் இதைத் தொடங்கினார்கள். 1357-ம் ஆண்டு, 9-ம் தேதி, 7-ம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு முதல் கல்லை வைத்ததாக ஒரு கணக்கு உண்டு. வரிசையாக எழுதினால் 135797531. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடிகாரத்தில் நிமிட முள்ளே இல்லாத காலம் அது.

முட்டைக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சில் வெள்ளைக்கரு சேர்த்ததைக் கேள்விப்பட்ட நமக்கு இது நம்பக்கூடிய கதைதான். பூச்சு மெல்லியது, காற்று படுகிறது, வழவழப்பு வேண்டும். அங்கே வெள்ளைக்கருவுக்கு வேலை இருக்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் தூணின் வயிற்றில் என்ன வேலை?

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். அதை நீற்றி, மணல் சேர்த்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப இழுத்து மறுபடி கல்லாகும். சிக்கல் இங்கேதான். பல மீட்டர் தடித்த தூணின் நடுவே காற்று எங்கே போகும்? சுத்தமான சுண்ணாம்பாக இருந்தால், வெளியே இறுகி, உள்ளே வருடக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும்.

பிராக்கைச் சுற்றிக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் சிலவற்றில் களிமண் கலந்திருக்கிறது. நம் கொத்தனார் பார்த்தால் 'அழுக்குக் கல்' என்று ஒதுக்கியிருப்பார். அதைச் சுடும்போது களிமண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிலிக்கேட் ஆகிறது. அது இறுகக் காற்று வேண்டாம், தண்ணீர் போதும். சிமென்ட் செய்யும் அதே வேலை. காரையில் முட்டைப் புரதத்தின் தடயம் கிடைத்ததாகச் சொன்ன வேதியியலாளர்கள் உண்டு. வேறு துண்டுகளை எடுத்துப் பார்த்தவர்களுக்கு முட்டை சிக்கவில்லை, இந்த நீரில் இறுகும் சுண்ணாம்புதான் சிக்கியது. என் ஓட்டு களிமண்ணுக்கு.

எந்தக் காரையாலும் காக்க முடியாத இடம் ஒன்று உண்டு: தூணுக்கு அடியில் உள்ள மண். ஓடிவரும் நீர் தூணின் முகத்தில் மோதியதும் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, சுழலாகி, படுகையைத் தோண்டுகிறது. கடலோரத்தில் நிற்கும்போது அலை திரும்புகையில் குதிகாலுக்கடியில் மணல் நழுவுமே, கிட்டத்தட்ட அப்படி. 1890 செப்டம்பர் வெள்ளத்தில் மேலிருந்து மிதந்துவந்த மரக்கட்டைகளும் தெப்பங்களும் வளைவுகளை அடைத்துக்கொண்டன. வழி குறுகியதும் மிச்சமிருந்த இடுக்கில் நீர் இன்னும் வேகமெடுத்தது, அரிப்பும் கூடியது. இரண்டு தூண்கள் சரிந்தன. வளைவு தன் எடையை இரு பக்கத் தூண்களின்மேல் சாய்த்துத்தான் நிற்கிறது. ஒரு தூண் போனால் இரு பக்க வளைவும் போகும். அடுத்தடுத்த இரண்டு போனதால் மூன்று வளைவுகள் ஆற்றில் விழுந்தன.

கூடவே பாலத்தின் மேல் நின்ற இரண்டு சிலைகளும் விழுந்தன. ஒன்று புனித இஞ்ஞாசியார். மற்றது நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய அதே சவேரியார். அவர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது நகல்.

2002 ஆகஸ்டில் மறுபடி பெருவெள்ளம். இந்த முறை நகர நிர்வாகத்தினர் பாலத்தின் மேலேயே மண் அள்ளும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிலைகளுக்கு நடுவே இரும்புக் கையை நீட்டி, தூண்களில் சிக்கிய மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். ஒரு வளைவும் விழவில்லை.