எந்தப் பூஜ்யத்திலிருந்து? சிஎன்சி லேத்தில் ஆஃப்செட் வைப்பது

மேட்டூர் அணை நிரம்பிவிட்டால் நீர்மட்டம் 120 அடி என்கிறோம். கடல் மட்டத்திலிருந்து கணக்குப் பார்த்தால் அதே நீர்மட்டம் 790 அடி. தண்ணீர் ஒன்றுதான், அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு. டெல்டாவில் குறுவைக்கு நாற்று விட நினைக்கும் எவருக்கும் அணைக்கணக்கு எண்தான் வேண்டும், கடல்மட்டக் கணக்கு அவருக்கு உதவாது. சிஎன்சி லேத்தில், அதாவது கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில், ஆஃப்செட் என்று சொல்வதும் இதுதான்: இயந்திரம் தன் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற தூரத்தை, நம் வேலைக்கு உதவுகிற பூஜ்யத்துக்கு மாற்றிக் கொடுப்பது.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கின் பாகங்களைக் கடைசல் பிடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. உளி பித்தளையைத் தொடுவதைக் கண் பார்க்கிறது, கை நிறுத்திக்கொள்கிறது. சிஎன்சி லேத்துக்குக் கண் கிடையாது. தன் ஹோம் பொசிஷனிலிருந்து டர்ரட் (டூல்களைத் தாங்கும் சுழல்தலை) எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது மட்டும் அதற்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் தெரியும். பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் என்ன பிடித்திருக்கிறது, டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதெல்லாம் நாம் சொன்னால்தான் தெரியும்.

ஒரு பம்பு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். அதில் 6205 பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. விட்டம். அங்கே கே6 என்ற பொருத்த அளவு கேட்டிருந்தால் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் வர வேண்டும். மொத்தம் 13 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பங்குதான் அது.

டூலை எப்படிச் செட் செய்கிறோம்? சக்கில் 50 மி.மீ. ராடைப் பிடித்து, வெளிப்பக்கத்தில் லேசாக ஒரு கட் ஓட்டுகிறோம். பிறகு டூலை இசட் திசையில், அதாவது ராடின் நீளவாக்கில், மட்டும் வலப்பக்கம் விலக்குகிறோம். விட்டத்தை மாற்றும் குறுக்குத் திசையான எக்ஸைத் தொடக்கூடாது. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்தி மைக்ரோமீட்டரில் அளந்தால், 49.36 என்று வைத்துக்கொள்வோம். திரையில் டூல் ஆஃப்செட்டுகள் இருக்கும் ஜியாமெட்ரி பக்கத்தில் அந்த டூலின் வரிசைக்குப் போய் எக்ஸ்49.36 என்று அடித்து மெஷர் பொத்தானை அழுத்துகிறோம். 'இப்போது டூல் நுனி நிற்கும் இடம்தான் 49.36 விட்டம்' என்று இயந்திரத்துக்குச் சொல்லியாயிற்று. மீதிக் கழித்தலை அது பார்த்துக்கொள்ளும்.

எனக்கு இந்த முறையில் பிடித்த விஷயம், டூல் ஹோல்டரின் நீளத்தையோ இன்சர்ட் (வெட்டும் சிறு வில்லை) உட்கார்ந்த விதத்தையோ தனித்தனியாக அளக்க வேண்டியதில்லை என்பதுதான். எல்லாம் சேர்ந்து உண்மையில் எவ்வளவு வெட்டியது என்பதை வெட்டிய இடமே சொல்லிவிடுகிறது.

வேலை பழகிய காலத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அளக்க வசதியாக இருக்கட்டும் என்று டூலை எக்ஸிலும் பின்னால் இழுத்துவிட்டு, அப்படியே எண்ணை அடித்தேன். புரோகிராம் ஓடியது, கூலண்ட் பாய்ந்தது, ஒரு சுருள்கூட வரவில்லை. டூல் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, எக்ஸை நகர்த்தினியா?" என்றார் பக்கத்து மெஷின் அண்ணன், திரையைப் பார்க்காமலே. விட்டத்தில் 6 மி.மீ. இழுத்திருந்தேன், 45 என்று போட்ட இடத்தில் நுனி 51-இல் நின்றது. எதிர்ப்பக்கம் தப்பியிருந்தால் டூல் ராடுக்குள் இடித்திருக்கும்.

இசட் வேறு மாதிரி. ஸ்பிண்டிலின் மையம் எந்த ஜாபுக்கும் (வெட்டும் பொருளுக்கும்) மாறாது, அதனால் ஜாபின் பூஜ்யத்தை வைக்கும் ஒர்க் ஆஃப்செட்டான ஜி54-இல் எக்ஸை வழக்கமாகப் பூஜ்யமாகவே விட்டுவிடலாம். ஆனால் ஜாபின் முகம் சக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது ஒவ்வொரு வேலைக்கும் மாறும். சிலர் எல்லா டூலின் இசட்டையும் அன்றைய ஜாபின் முகத்தில் தொட்டு வைக்கிறார்கள். அடுத்த நாள் ஜாபின் நீளம் மாறினால் எட்டு டூலையும் மறுபடி தொட வேண்டும். சக்கின் முகம் போல மாறாத ஓர் இடத்தில் எல்லா டூலையும் ஒருமுறை செட் செய்துவிட்டு, ஜாபுக்கு ஜாப் ஜி54-இன் இசட்டை மட்டும் மாற்றுவதே எனக்குச் சரியென்று படுகிறது. ஒரே எண்ணை மாற்றினால் எல்லா டூலும் சேர்ந்து நகரும். டூல் ஆஃப்செட் டூலுக்குச் சொந்தம், ஒர்க் ஆஃப்செட் ஜாபுக்குச் சொந்தம் என்று பிரித்து வைத்தால்தான் இந்த வசதி கிடைக்கும்.

புரோகிராமில் டி0303 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கம் டர்ரட்டில் மூன்றாவது இடம், கடைசி இரண்டும் ஆஃப்செட் வரிசை. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. இன்சர்ட் நுனியும் உண்மையில் ஊசிமுனை இல்லை. பெட்டியில் 120408 என்றிருந்தால் கடைசி 08 நுனியின் ஆரம், 0.8 மி.மீ. நேர் டர்னிங்கிலும், முகத்தைச் சீவும் ஃபேசிங்கிலும் அது அளவைக் கெடுக்காது. சரிவான டேப்பரிலும் வளைவிலும் கெடுக்கும். அங்கே ஆரத்தையும், டூல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற எண்ணையும் கொடுத்து, நுனி ஆரத்தை ஈடுசெய்யும் ஜி42-ஐயோ ஜி41-ஐயோ போட வேண்டும்.

அப்புறம் வேர் (தேய்மான) ஆஃப்செட். இன்சர்ட் தேயத் தேய ஷாஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். 25.021 வந்தது, 25.008 வேண்டும் என்றால் வேர் எக்ஸில் 0.013 குறைக்க வேண்டும். உள்துளையை வெட்டிப் பெரிதாக்கும் போரிங் செய்யும்போது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பலர் தடுமாறுகிறார்கள். தடுமாறத் தேவையில்லை: பிளஸ் போட்டால் விட்டம் கூடும், மைனஸ் போட்டால் குறையும். உள்ளேயும் வெளியேயும் அதே விதிதான். கவனிக்க வேண்டியது பொத்தானில். ஃபேனக் கன்ட்ரோலரில் 'பிளஸ் இன்புட்' அடித்தால் பழைய எண்ணோடு சேரும், வெறும் 'இன்புட்' அடித்தால் பழையது அழிந்துவிடும். ஏற்கெனவே மைனஸ் 0.020 இருக்கும் இடத்தில் மைனஸ் 0.013 என்று வெறும் இன்புட் அடித்தால் ஷாஃப்ட் குறைவதற்குப் பதில் 7 மைக்ரான் பெருத்துவிடும்.

சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறையில் இன்னொரு தொல்லை. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி சூடாக இருக்கும் 25 மி.மீ. ஷாஃப்ட், அளவில் ஏறக்குறைய 6 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். நம்மிடம் இருக்கும் 13 மைக்ரானில் பாதி அதிலேயே போய்விடும். ஒரு மதியம் சக்கிலிருந்து எடுத்த கையோடு அளந்தேன்: 25.016. வேர் பக்கத்தைத் திறந்து எண்ணைக்கூட அடித்துவிட்டேன். இன்புட் அழுத்தாமல் கேன்சல் செய்துவிட்டு, பீஸை மைக்ரோமீட்டருக்குப் பக்கத்திலேயே மேஜையில் வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து அளந்தபோது 25.010.