பட்டம் இழுக்கும் வண்டி எங்கே விரிசல் விடும்?

ஐந்து குளிர்காலமாக ஒரு கராஜ் மூலையில் கிடந்த வண்டி அது. மூன்று சக்கரம், ஒரு துணி இருக்கை, காலால் திருப்பும் ஒரு முன் ஃபோர்க், அவ்வளவுதான். என்ஜின் கிடையாது, பெடல் கிடையாது, பிரேக்கும் கிடையாது. தலைகீழாகப் புரட்டியதும் பின் ஆக்சில் குழாயிலிருந்து ஒரு பிடி மணல் கொட்டியது. டென்மார்க்கின் மேற்குக் கரையில், எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து ஃபெர்ரியில் 12 நிமிடம் போனால் வரும் ஃபானோ தீவின் மணல் அது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பட்டம் விடுகிறவர்கள் பல நாடுகளிலிருந்து அங்கே வந்து கூடுவார்கள்.

கைட் பக்கி என்று அழைக்கப்படும் இந்த வண்டியைப் பட்டவண்டி என்றே சொல்லலாம். பெரிய பட்டம் ஒன்றை இரண்டு அல்லது நான்கு கயிறுகளால் கையில் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து, காற்றின் இழுப்பில் கடற்கரையில் ஓட வேண்டும். எண்ணம் பழையது. பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக், பட்டம் இழுக்கும் கோச்சு வண்டி ஒன்றுக்கு 1826-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அந்நாளில் சாலைச் சுங்கத்தைக் குதிரைகளை எண்ணி வசூலித்தார்கள். இந்த வண்டியில் குதிரை இல்லாததால் சுங்கம் கேட்க வழியில்லாமல் போயிற்றாம். இன்று நாம் பார்க்கும் மூன்று சக்கர வடிவத்தைப் பரப்பியவர் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் ஊரைச் சேர்ந்த பீட்டர் லின், 1990 வாக்கில். என் கையில் வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்து அமைப்புதான். எளிய இரும்புக் குழாய்கள், தோட்டத் தள்ளுவண்டிக்குப் போடும் அதே எட்டு அங்குல ரிம் சக்கரங்கள்.

பழுது பார்க்க உட்காரும் எவரும் முதலில் துருவைத்தான் தேய்க்கப் போவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் எந்தத் துரு ஆபத்து, எந்தத் துரு வெறும் அழுக்கு என்று தெரிய வேண்டுமானால், இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பது முதலில் புரிய வேண்டும்.

மாட்டு வண்டியில் இழுப்பு முன்னால் இருக்கிறது. பட்டவண்டியில் இழுப்பு பெரும்பாலும் பக்கவாட்டில். காற்று இடமிருந்து வலமாக வீசுகிறது, நீங்கள் நேரே முன்னோக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வலப்பக்கம் முன்னால் பறக்கிறது. கயிறு, போகும் திசைக்கு 60 டிகிரி சாய்வில் இருக்கிறது. 40 கிலோ எடை அளவுக்கு இழுக்கிறது. கயிறு மேல்நோக்கிப் போகும் கோணத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இந்த 40-ல் வண்டியை முன்னே கொண்டுபோவது 20 கிலோதான். ஏறக்குறைய 35 கிலோ பக்கவாட்டில் இழுக்கிறது. சக்கரம் உருளும் திசையில் எளிதாக ஓடும், குறுக்கே நகர மறுக்கும். அந்த மறுப்புதான் பக்க விசையை விழுங்கிக்கொண்டு முன்னோக்கிய பங்கை மட்டும் நமக்கு மிச்சம் விடுகிறது. பாய்மரப் படகுக்கு அடிக்கட்டை செய்யும் வேலையை இங்கே மூன்று டயர்கள் செய்கின்றன.

வேகம் கூடும்போது இன்னொன்றும் நடக்கிறது. காற்று வினாடிக்கு 6 மீட்டர். அதற்குச் செங்குத்தாக நீங்கள் வினாடிக்கு 8 மீட்டரில் ஓடுகிறீர்கள். உங்கள் முகத்தில் அடிக்கும் காற்று இரண்டும் சேர்ந்தது: பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குப்படி 10 மீட்டர். பட்டத்தின் இழுப்பு காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆக, நின்றிருந்தபோது உணர்ந்த காற்றின் அழுத்தம் 2.8 மடங்காகிவிடுகிறது. வீசும் காற்றைவிட வேகமாக வண்டி ஓடுவது இதனால்தான். அமெரிக்காவின் இவான்பா வறண்ட ஏரியில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள்.

சரி, பழுதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கடற்கரையில் ஒரு முனைக்குப் போய், திரும்பி வருவதுதான் வழக்கம். போகும்போது இழுப்பு வலப்பக்கம். வரும்போது இடப்பக்கம். ஒரு நாளில் நூறு முறை திரும்பினால், சட்டத்தின் ஒவ்வொரு வெல்டிங்கும் நூறு முறை இப்படியும் அப்படியும் வளைகிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி உடைப்போமே, அதே வேலைதான். மடக்கு மிகச் சிறியதாக இருப்பதால் உடைய வருடங்கள் ஆகின்றன. பின் ஆக்சில் சட்டத்தோடு சேரும் இடம், இருக்கையின் பக்கக் குழாய்கள், முன் ஃபோர்க்கின் கழுத்து ஆகிய மூன்றும்தான் அந்த மடக்கைத் தாங்குபவை. கண்ணை அங்கே வைத்துக்கொண்டுதான் துருவைத் தேய்க்க வேண்டும்.

துருவுக்கு வருவோம். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் உள்ளே தள்ளிவிட்டால், கராஜுக்குள்ளும் துரு நிற்காது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் (ஹியூமிடிட்டி) 33 சதவீதம் இருந்தாலே போதும், அது நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நமக்குக் காய்ந்ததாகத் தெரியும் குழாயின் மேல் கண்ணுக்குப் படாத உப்புநீர்ப் படலம் ஆண்டு முழுக்க இருந்துகொண்டே இருக்கும். இரும்பு எலக்ட்ரான்களை இழக்கும் இடத்துக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கும் இடத்துக்கும் நடுவே அந்தப் படலம் மின்சுற்றை முடித்துக்கொடுக்கிறது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். என் வண்டியில் அது பின் ஆக்சிலில் தெரிந்தது. எவர்சில்வர் ஆக்சில் இரும்புக் குழாய்க்குள் சொருகியிருந்தது, கழற்றவே முடியவில்லை. உள்ளே துரு உப்பி, இரண்டையும் ஆப்பு அடித்தது போல இறுக்கியிருந்தது. சுத்தியலை எடுக்காதீர்கள், ஆக்சில் முனை பூப்போல விரிந்துவிட்டால் அப்புறம் எந்த வழியிலும் வராது. நான் துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரண்டு நாள் வைத்தேன். மெல்லிய எண்ணெய் நுண்துளை வழியாகத் தானே ஏறும். அதன் பிறகு வெளிக்குழாயை மட்டும் ஹீட் கன்னால் சுடுபடுத்தினேன். 30 மி.மீ. இரும்புக் குழாய் 200 டிகிரி கூடினால் விட்டம் சுமார் 0.07 மி.மீ. பெருகும், ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. உள்ளே இருக்கும் ஆக்சிலுக்கு வெப்பம் போய்ச் சேரும் முன் அந்த முடியளவு இடைவெளிக்குள் முறுக்கித் திருப்ப வேண்டும். மூன்றாவது முறை சூடுகாட்டியபோது ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஆக்சில் கால் சுற்று நகர்ந்தது. அந்தச் சத்தத்தை இன்னும் நினைத்துப் பார்ப்பேன். (துத்தநாகம் பூசிய குழாயானால் கேஸ் தீயால் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை நச்சு.)

எவர்சில்வரும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. கீறினால் தோல் மறுபடி வளரும். குழாய்க்குள் அடைபட்ட இடத்தில் ஆக்சிஜன் கிடைக்காது, குளோரைடு மட்டும் தேங்கும். தோல் கிழிந்த இடத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் விழும். வெளியே தெரியும் பகுதி கண்ணாடியாக மின்னும், உள்ளே இருந்த பகுதி அம்மைத் தழும்போடு வரும். குழி ஆழமாக இருந்தால் ஆக்சிலை மாற்றிவிடுவதுதான் நல்லது. விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

அடுத்தது பேரிங். இந்த வண்டியில் முதலில் சாவது அதுதான். பந்து பேரிங் முக்கியமாக மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கத் தள்ளலை ஓரளவுதான் பொறுக்கும். பட்டவண்டியிலோ பக்கத் தள்ளல் நாள் முழுக்க. போதாததற்கு மணல். குவார்ட்ஸ் மணல் பேரிங் எஃகைவிடக் கடினமானது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஆக்சிலில் காதை வைத்துக் கேளுங்கள், அரிசியில் கல் இருந்தால் பல்லில் நெறிபடுமே, அதே சத்தம் வரும். வந்தால் கழுவி கிரீஸ் வைத்துப் பிழைக்கவைக்கலாம் என்று பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

எந்த பேரிங் வாங்குவது என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். 6004 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை 20 மி.மீ. 6005 என்றால் 25. 04 முதல் மேலே உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்துங்கள். உள்வளையத்தைத் தட்டினால் அந்த அடி பந்துகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழிகளைப் பதிக்கும். புது பேரிங் முதல் நாளே பழசாகிவிடும். எனக்குக் கைகொடுத்தது சமையலறைதான். பேரிங்கை இரவெல்லாம் ஃப்ரீசரில் வைத்தேன், நைலான் ரிம்மைச் சுடுதண்ணீரில் போட்டேன். நைலான் எஃகைவிடப் பல மடங்கு விரியும். 42 மி.மீ. துளை 50 டிகிரி கூடினால் 0.17 மி.மீ. வரை பெரிதாகும். கட்டைவிரலால் அழுத்தியதும் பேரிங் உள்ளே போய் உட்கார்ந்தது.

ஒரு சக்கரத்தில் இரண்டு பேரிங், நடுவே ஒரு குழல். இந்தக் குழலைத் தொலைத்துவிட்ட வண்டிகளை அடிக்கடி பார்க்கலாம். அது இல்லாமல் நட்டை முடுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, ஓடுவதற்கு முன்பே பந்துகள் பக்கவாட்டில் நசுங்கும். பேரிங் ‘மட்டமான சரக்கு’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். தப்பு காணாமல் போன குழலில் இருக்கும். சரியான நீளத்தில் ஒரு துண்டை எந்த லேத் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள்.

சக்கரம் கழலும் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதே ஃபானோ கடற்கரையில் 1919 முதல் கார் பந்தயங்கள் நடந்தன. 1924-ல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் மால்கம் கேம்பல் வேகச் சாதனைக்கு ஓட்டியபோது காரிலிருந்து ஒரு டயர் பிய்த்துக்கொண்டு போய், வேடிக்கை பார்த்த ஒரு சிறுவனைக் கொன்றது. பந்தயங்கள் அத்தோடு முடிந்தன. பட்டவண்டியின் வேகம் அதைவிடக் குறைவுதான் என்றாலும் அதே மணலில் இன்றும் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

இப்போது விரிசல். பெயிண்டைச் சுரண்டி, வெல்டிங்கின் ஓரங்களை வெறும் உலோகம் தெரியும்வரை துலக்க வேண்டும். நுண்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென ஒரு சிவப்புச் சாயம் கிடைக்கிறது. தெளித்துப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்த சாயத்தை அந்தப் பொடி உறிஞ்சி வெளியே இழுக்கும். என் வண்டியில் இடப்பக்கக் குழாயின் கழுத்தில், வெள்ளைப் பின்னணியில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. இரண்டு விரல் தள்ளித் திட்டுத் திட்டாய்த் துரு இருந்தது; அங்கே விரிசல் ஒன்றுமே இல்லை.

விரிசலின் நுனி மிகக் கூர்மை, விசையெல்லாம் அந்தப் புள்ளியில் குவியும். அதனால் முதலில் நுனியில் மூன்று மி.மீ. துளை போட்டு அதை மழுங்கடிக்க வேண்டும். அப்புறம் விரிசலை முழுவதும் குடைந்தெடுத்து வெல்டிங் வைக்க வேண்டும். மேலே பூசி மறைத்தால் உள்ளே அது பயணத்தைத் தொடரும். இரு முனையும் மூடிய குழாயானால் ஒரு சிறு காற்றுத் துளையும் வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் விரியும் காற்று உருகிய உலோகத்தை ஊதித் தள்ளிவிடும். இந்த வேலையைக் கைதேர்ந்த வெல்டரிடம் கொடுத்தேன். கற்றுக்கொண்டு நாமே செய்து பார்க்கும் இடம் இது அல்ல.

முன் ஃபோர்க் வளைந்திருந்தால் வண்டி வேகத்தில் தலையாட்டும். கடைகளில் தள்ளும் டிராலியின் முன்சக்கரம், அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால் தானே நேராகிக்கொள்ளும். பட்டவண்டியிலும் ஃபோர்க் திரும்பும் அச்சை நேராக நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையைத் தொட வேண்டும். முன்னால் மோதி ஃபோர்க் பின்தள்ளினாலோ பக்கம் சாய்ந்தாலோ அந்தத் தூரம் மாறும், கால்கள் ஓயாமல் சண்டைபோட வேண்டிவரும்.

டயர்ச் சுவரில் விரல்நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். காற்றிலுள்ள ஓசோன், ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே இருப்பதால் ஓடாத டயரும் வயதாகும். காற்றழுத்தத்தை அதிகம் வைக்காதீர்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 2 பார் அழுத்தத்தில் மூன்று டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. 1 பாரில் 100. மெத்தென்ற மணலில் இந்த இரட்டிப்புதான் ஓடுவதற்கும் புதைவதற்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாம் பூட்டியபின் பட்டத்தை எடுக்கவில்லை. அலை இறங்கிய ஈர மணலுக்கு வண்டியைக் கொண்டுபோய், நண்பரை உட்காரவைத்துப் பின்னாலிருந்து நேராக ஐம்பது அடி தள்ளினேன். பின்சக்கரம் ஒன்று ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 17 மீட்டர் குறுக்கே இழுபடும். வேகமும் போகும், டயரும் தேயும். ஈர மணல் அதை மறைக்காது. திரும்பி நடந்து தடங்களைப் பார்த்தேன். நடுத்தடத்திலிருந்து இரண்டு பக்கத் தடங்களும் ஒரே தூரம். இடப்பக்கத் தடத்தில் டயரின் கட்டங்கள் அச்சில் வார்த்தது போலக் கூர்மையாக இருந்தன. வலப்பக்கத்தில் கட்டங்களின் வெளியோரம் கொஞ்சம் கலைந்திருந்தது. ஸ்பானரை எடுத்து ஆக்சில் பிடியைத் தளர்த்தினேன்.