கோமா: ‘ஆழ்மயக்கம்’ எதைக் குறிக்கும், எதைக் குறிக்காது

கோமா என்பது ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இது இருக்கிறது. வால்மீனின் தலையைச் சூழ்ந்த ஒளிப்படலத்தையும் கோமா என்பார்கள். அது ‘தலைமுடி’ என்னும் வேறு கிரேக்கச் சொல்லின் வழி வந்தது, இதற்கு உறவில்லை.

தமிழில் ஆழ்மயக்கம் என்பதே பொருத்தம். ‘ஆழ்துயில்’ அழகாக இருந்தாலும் தவறான பொருள் தரும். தூங்குபவரைக் கிள்ளினால் விழிப்பார், கோமாவில் இருப்பவர் விழிக்கமாட்டார். வெறும் ‘மயக்கம்’ போதாது, தலைசுற்றலைக்கூட நாம் ‘மயக்கமா வருது’ என்றுதான் சொல்கிறோம். ‘நினைவிழப்பு’ என்றாலோ மறதி நோயோடு குழம்பும். மூளை மருத்துவத்தில் ‘கான்ஷியஸ்னஸ்’ என்பதற்கு ‘உணர்வு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

நீலகிரியில் இந்தச் சொல் பெரும்பாலும் கீழேயிருந்து போன் வழியாக மேலே வரும். தலையில் பலத்த அடி என்றால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ முதலுதவி செய்து, மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குக் கொண்டுபோவார்கள்.

“அண்ணனுக்கு எப்படி இருக்கு அண்ணி?”

“கோமாவுல இருக்காருன்னு சொல்றாங்கம்மா.”

அந்த ஒரு பதிலுக்குள் நான்கைந்து வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம். குடும்பம் அடுத்து எடுக்கவேண்டிய முடிவு அவற்றில் எது என்பதைப் பொறுத்தது.

உணர்வுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று விழிப்பு, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்பு வலை அதைக் காக்கிறது என்று 1949இல் மொரூசி, மாகூன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். மற்றொன்று தன்னையும் சுற்றத்தையும் அறிதல். அதற்குப் பெருமூளை வேண்டும். ஆழ்மயக்கத்தில் இரண்டும் இல்லை, கண் மூடியே இருக்கும். இதன் ஆழத்தை அளக்க டீஸ்டேல், ஜென்னட் என்ற மருத்துவர்கள் 1974இல் தந்த கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 15 வரை புள்ளிகள் உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே போனால் பொதுவாகக் கோமா என்பார்கள். இந்த நிலை பெரும்பாலும் சில வாரங்களுக்குமேல் நீடிப்பதில்லை. அதற்குள் தெளிவார், அல்லது இறப்பார், அல்லது வேறொரு நிலைக்குப் போவார். ‘பத்து வருடமாகக் கோமா’ என்று செய்தியில் வந்தால் அது ஏறக்குறைய எப்போதும் அந்த வேறொரு நிலைதான்.

அதில் கண் திறந்திருக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், அறிதலுக்கான அடையாளம் மட்டும் தெரியாது. 1972இல் ஜென்னட்டும் பிளம் என்ற மருத்துவரும் வைத்த ‘வெஜிடேடிவ் ஸ்டேட்’ என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழில் ‘தாவர நிலை’ என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும். மூச்சு, செரிமானம் போன்ற தானியங்கும் வேலைகளைக் குறிக்கவே அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆனால் ஒரு தாயின் காதில் ‘உங்க மகன் இனி செடிதான்’ என்று விழுகிறது. 2010இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதற்கு மாற்றுப்பெயர் முன்வைத்தார்கள். அதை ‘பதிலற்ற விழிப்பு நிலை’ எனலாம். எப்போதாவது கண்ணால் தொடர்ந்தாலோ சொன்னதைச் செய்தாலோ அது ‘குறையுணர்வு நிலை’. இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உணர்வே இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரிடம், முறையான அளவுகோலால் சோதித்தபோது, குறையுணர்வு தெரிந்தது.

உணர்வு முழுதாக இருந்தும் கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாத ‘உடற்சிறை நிலை’யும் உண்டு. அவரையும் கோமா என்று எண்ணிவிடுவார்கள்.

மூளைச்சாவு இவற்றில் சேராது. அது மரணம். மூளைத்தண்டு மீளமுடியாமல் செத்துவிட்டது, மார்பு ஏறி இறங்குவது கருவியால். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் இதை ஏற்கிறது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மருத்துவர் குழு கையெழுத்திட வேண்டும். இதைக் ‘கோமா’ என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பிறகு உறுப்பு தானம் கேட்பது கொடுமை. உயிரோடு இருந்தவரை நாமே கொன்றுவிட்டோமோ என்ற எண்ணம் அந்த வீட்டைவிட்டுப் போகாது.

மலைக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். உறைபனிக் காலத்தில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்குவார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு ஆழ்மயக்கம். உடனே வெளியே கொண்டுவந்து ஆக்சிஜன் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. சர்க்கரை மிகவும் இறங்கி வரும் ஆழ்மயக்கத்தையும் நேரத்தோடு குளுக்கோஸ் ஏற்றினால் மீட்கலாம்.

சிகிச்சையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி நம் நீதிமன்றத்துக்கு வந்தது அருணா ஷான்பாக் வழக்கில். 1973இல் தாக்கப்பட்ட அந்தச் செவிலியரை மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் 2015இல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சிகிச்சையை நிறுத்த மறுத்தது. ஆனால் கடும் நிபந்தனைகளோடு நிறுத்துவதற்குப் பொதுவழி திறந்தது. மீளமுடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது முன்விருப்ப ஆவணம். அதை எழுதும் உரிமையை 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

எந்த முடிவுக்கும் முன் ஒரு செய்தியைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சொன்னதற்கு உடலால் எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேரின் மூளை, கேட்ட கட்டளைக்கு ஏற்ப இயங்கியது ஸ்கேனிலோ மூளை மின்னலைப் பதிவிலோ தெரிந்தது. கட்டிலருகே நின்று செலவுக்கணக்கையும் சொத்துத் தகராறையும் பேசுகிறவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். அவருக்குப் பழகிய குரலில், பெயர் சொல்லிப் பேசுங்கள். மருத்துவரிடம், “கோமாவா, பதிலற்ற விழிப்பா, குறையுணர்வா, மூளைச்சாவா? எத்தனை முறை சோதித்தீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள்.