பிக்கப்புக்குப் புது டயர் மாட்டியாச்சு, காற்று எவ்வளவு அடிப்பது?

இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் வண்டி எடுத்த கையோடு கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, பெரிய பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) வைத்த, கரடுமுரடான வழிக்கும் ஏற்ற ஆல்-டெரைன் டயர் மாட்ட வருகிறார்கள். எந்த டயர் என்று முடிவு பண்ணவே ஒரு மணி நேரம் ஆகும். காற்று விஷயம் மட்டும் "பழையபடியே அடிச்சிருங்கண்ணே" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இன்னொரு ரகம், சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) போட்டிருக்கும் 80 பிஎஸ்ஐயைக் காட்டி அதையே அடிக்கச் சொல்லும்.

அந்த 80, டயர் தன் முழுப் பாரத்தைத் தாங்குவதற்கான அளவு. காலி பிக்கப்பில் அதை அடித்தால் பின்பக்கம் குதிக்கும், நடுப்பட்டன் மட்டும் தேயும், மழை ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பும் குறையும்.

பழையபடி அடிப்பதுதான் அதைவிட ஆபத்து. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், கம்பெனி போட்ட டயருக்கானது. புது டயரும் அதே அளவு, அதே வகை, லோடு இண்டெக்ஸும் (டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண்) குறையவில்லை என்றால் சரி, அதையே வைத்துக்கொள்ளலாம். அளவுக்கு முன்னால் 'எல்டி' (லைட் டிரக்) என்று இருந்தால் கணக்கு மாறிவிடும். அமெரிக்க பிக்கப்புகளில் வரும் 265/75ஆர்16 அளவைப் பாருங்கள். 116 இண்டெக்ஸ் உள்ள 'பி' (பாசஞ்சர் கார்) வகை டயர் 35 பிஎஸ்ஐயிலேயே 1,250 கிலோ தாங்கும். பிக்கப்பில் மாட்டினால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதே அளவில் 'சி' ரக (லோடு ரேஞ்ச் எனும் வலிமை வரிசையில் சி) எல்டி டயர் 1,120 கிலோவைத் தொடவே 50 பிஎஸ்ஐ வேண்டும். "இது 10 பிளை டயர், காத்து கம்மியா இருந்தாலும் தாங்கும்" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. பிளை (டயரின் அடுக்கு வலிமையைக் குறிக்கும் எண்) கூடினால் அதிகக் காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். அதே காற்றில் அதிகப் பாரம் ஏற்ற முடியாது.

காற்று குறைந்தால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், சூட்டில் உள்ளடுக்குகள் பிரியும். 2000-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில், டயரின் குறைகளோடு இதுவும் பேசப்பட்டது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சொன்னது 26 பிஎஸ்ஐ, டயர் கம்பெனி கேட்டது 30.

நான் செய்வது இதுதான். ஸ்டிக்கரில் இருக்கும் காற்றில் பழைய டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துக்கொண்டு, புது டயர் கம்பெனியின் லோடு டேபிளில் (எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பாரம் என்ற அட்டவணை) அதே பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று தேடுவேன். முன்னுக்குத் தனியாக, பின்னுக்குத் தனியாக. ரிம் எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துவிடுவேன். அப்புறம் பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸில் ஒரு பட்டைக் கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சாக்பீஸ் என்ன சொன்னாலும் டேபிள் அளவுக்குக் கீழே இறக்க மாட்டேன்.

அளப்பது காலையில், வண்டி எடுக்கும் முன். ஓடிவந்த டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்க வேண்டாம்.

டேஷ்போர்டில் டிபிஎம்எஸ் (டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும்) விளக்கு இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலும் அது பழைய ஸ்டிக்கர் அளவை வைத்துத்தான் எரியும். ஸ்டிக்கர் 35 என்றால், சுமார் 26-க்கு இறங்கும்வரை எரியாமலே இருக்கலாம். உங்கள் புது டயருக்குத் தேவை 45 என்றால், விளக்கு எரியும்போது கிட்டத்தட்ட 20 பிஎஸ்ஐ போயிருக்கும். நல்ல கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து அளங்கள்.