தற்சமன்செய் வண்டி: ‘செல்ஃப் பெலன்சிங்’ தமிழில் எப்படி?

கொழும்பில் ‘பெலன்ஸ்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் தர வேண்டிய மிச்சக்காசு. அதே சொல்லை வேறு அர்த்தத்தில் போன கிழமை கேட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், அக்காவின் மகன் இரண்டு சில்லு வைத்த பலகையில் ஏறி நின்றுகொண்டு, “மாமா, இது செல்ஃப் பெலன்சிங். தமிழில என்னெண்டு சொல்லுறது?” என்றான். “தற்சமநிலை வண்டி” என்று உடனே சொல்லிவிட்டேன். இரவு யோசித்தால், அது சரியில்லை.

பெலன்ஸ் என்ற சொல்லின் வேர் இலத்தீனின் ‘பிலாங்க்ஸ்’: ‘பி’ என்றால் இரண்டு, ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு, ஆகவே இரட்டைத் தட்டுத் தராசு. தமிழிலும் இதே தராசுதான் நிற்கிறது, குறள் 118இல் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று. ‘சம’ வடசொல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. வேர் அங்கேதான், ஆனால் குறளிலேயே குடியேறிவிட்ட சொல்லை இனி வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் குறளில் இருப்பது ‘சமநிலை’ இல்லை, ‘சமன்செய்து’ என்ற வினை. இந்த வண்டிக்கு வேண்டியதும் அந்த வினைதான்.

தும்புத்தடியை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். தடி முன்னால் சாய்ந்தால் கையை முன்னால் கொண்டுபோகிறோம், பின்னால் சாய்ந்தால் பின்னால். கை அசையாமல் நின்றால் தடி விழும். வண்டியும் இப்படித்தான்: நாம் தடி, சில்லு கை. நாம் முன்னால் சாய்ந்தால் சில்லு முன்னால் ஓடி நம் காலடிக்கு வந்து சேரப் பார்க்கிறது, நாம் சாய்ந்தபடியே இருந்தால் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் பயணம் என்கிறோம். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய, கைப்பிடி வைத்த இரண்டு சில்லு வண்டியான செக்வேயில் (இத்தாலிய மொழியில் ‘தொடர்கிறது’ என்று பொருள்படும் ‘செகுவே’யிலிருந்து வந்த பெயர்) இந்தச் சரிபார்ப்பு நொடிக்குச் சுமார் 100 தடவை நடந்தது.

உள்ளே பெரிய பம்பரம் ஒன்று சுழன்று வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், ‘ஜைரோ’ என்ற சொல் செய்த வேலை அது. கிரேக்கத்தில் வட்டம் என்ற பொருளுடைய அந்தச் சொல்லை வைத்து, 1852இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ தன் சுழல் கருவிக்கு ஜைரோஸ்கோப் என்று பெயரிட்டார். இந்த வண்டியில் இருக்கும் ஜைரோவோ சிறு உணரி (சென்சர்). எவ்வளவு வேகமாகச் சாய்கிறோம் என்று சொல்லும், அவ்வளவுதான். விழாமல் காப்பது மோட்டார்.

மோட்டார் காக்கிறது என்றால் பற்றரி காக்கிறது என்று அர்த்தம். துவிச்சக்கர வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினால் அது எந்தச் சக்தியும் கேட்காது. இந்த வண்டி ஒரே இடத்தில் நின்றாலும் சில்லு முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைந்தபடி கொஞ்சம் மின்சாரம் தின்னும். ஆளும் வண்டியுமாக 110 கிலோ 10 மீற்றர் மேடேற, உராய்வு முதலிய இழப்புகளைச் சேர்க்காமலே, ஏறக்குறைய 3 வாட்-மணி போகும். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் டைனமோ ஆகி, அதில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பித் தரும்.

முழு வேகத்தில் ஓடும்போதும் மோட்டாரிடம் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் இன்னும் சாய்ந்தால் எட்டிப் பிடிக்க அதற்கு வழியில்லை. அதனால்தான் செக்வே எல்லை வேகத்தை நெருங்கியதும் கைப்பிடியைப் பின்னால் சாய்த்து ஆளை நிமிர்த்தியது. பற்றரி தீரும் நேரத்தில் ஆள் விழக்கூடும் என்பதற்காக, அதுவரை விற்ற சுமார் 6,000 வண்டிகளையும் 2003 செப்டம்பரில் திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். வேறு வண்டியில் சக்தி தீர்ந்தால் வழியில் நிற்போம், இதில் விழுவோம்.

ஆகவே ‘நிலை’ என்ற சொல் இங்கே பொருந்தாது. இந்த வண்டிக்கு நிலை என்று ஒன்று கிடையாது, செய்துகொண்டே இருப்பதுதான் உண்டு. ‘தற்சமன்செய் வண்டி’ என்று சொல்லலாம். தன் + சமன் = தற்சமன், தற்செயல் போல. ‘செய் வண்டி’ வினைத்தொகை: செய்த, செய்கின்ற, செய்யும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும், ஊறுகாய் மாதிரி. ஒரு கணமும் ஓயாத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ‘தானியங்கி வண்டி’ என்று எழுதாதீர்கள், அது ஓட்டுநர் இல்லாத காரைத்தான் நினைக்க வைக்கும்.

மருமகனின் பலகையை ஆங்கிலத்தில் அழைக்கும் ஹோவர்போர்ட் என்ற பெயரும் எனக்குப் பிடிக்கவில்லை. ஹோவர் என்றால் அந்தரத்தில் மிதப்பது, இதுவோ தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்புவதில்லை. கைப்பிடி இல்லாத அதைத் ‘தற்சமன் பலகை’ என்றும், ஒரே சில்லில் ஓடுவதை ‘தற்சமன் ஒற்றைச்சில்லு’ என்றும் சொல்லலாம். அடுத்த நாள் மருமகனிடம் திருத்திச் சொன்னேன். “தற்சமன் பலகை” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அதைச் சார்ஜில் போடப் போய்விட்டான்.