தன்பாலினத் திருமணத்தை அமெரிக்க ஒன்றிய அரசு எந்த அளவுக்கு ஏற்கிறது?

அமெரிக்காவில் திருமணத்தைப் பதிவு செய்வது மாநிலங்களின் வேலை. வருமான வரியும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும் கிரீன் கார்டும் ஒன்றிய அரசின் கையில். தன்பாலினத் தம்பதிகள் பல ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள்.

1996-ல் வந்த திருமணப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒன்றிய அரசைப் பொறுத்தவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செய்துகொள்வது மட்டுமே திருமணம் என்றது. 2004-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் தன்பாலினத் திருமணங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. ஆனால் சான்றிதழ் கையில் இருந்தும், ஒன்றிய அரசின் கணக்கில் அந்த இருவரும் யாரோ எவரோதான்.

ஈடித் வின்சரும் தியா ஸ்பையரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நியூயார்க்கில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 2007-ல் டொராண்டோவில் மணந்துகொண்டார்கள். 2009-ல் ஸ்பையர் இறந்துபோனார். கணவர் விட்டுச்சென்ற சொத்து மனைவிக்கு வந்தால் எஸ்டேட் வரி கிடையாது. வின்சர் கட்ட வேண்டி வந்ததோ 3,63,053 டாலர்! துணையை இழந்து நிற்பவரிடம் இப்படி வாங்கியது கொடுமை. அவர் தொடுத்த வழக்கில்தான், 2013 ஜூன் 26 அன்று, உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் 3-ஆம் பிரிவை ரத்து செய்தது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, ஓபர்கஃபெல் வழக்கில் எல்லா மாநிலங்களும் இத்திருமணங்களைச் செய்துவைக்க வேண்டும் என்றது.

2022-ல் கருக்கலைப்பை உரிமையாக்கிய பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் கவிழ்த்தபோது, ஓபர்கஃபெல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதன் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். அந்த அச்சத்தில் பிறந்ததுதான் அதே ஆண்டு டிசம்பரில் வந்த திருமண மதிப்புச் சட்டம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திருமணம் நடந்த மாநிலத்தில் அது செல்லும் என்றால் ஒன்றிய அரசும் மற்ற மாநிலங்களும் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மாநிலமும் புதிதாகத் திருமண உரிமம் கொடுத்தாக வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அந்தக் கட்டாயம் இன்றைக்கும் ஓபர்கஃபெல் தீர்ப்பை நம்பியே நிற்கிறது.

அப்புறம், துணையை இழந்தவர்களுக்கு ஒரு விஷயம். சோஷியல் செக்யூரிட்டியில் துணையை இழந்தவருக்கான உதவித்தொகை பெற, பொதுவாக ஒன்பது மாதமாவது மணவாழ்க்கை இருந்திருக்க வேண்டும். மாநிலத் தடையால் மணக்கவே முடியாமல் போனவர்களும், தாமதமாக மணந்தவர்களும் நீதிமன்றம் போனார்கள், வென்றார்கள். 2021-ல் அரசு தன் மேல்முறையீடுகளைக் கைவிட்டது. முன்பு மறுத்துவிட்டார்களே என்று விட்டுவிடாமல், சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆவணங்களோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் மறுபடி கேளுங்கள்.