வானத்தில் ஒரு மின்னல் கிறுக்கல்

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் கடைசி ஆல்பமான 'பிளாக்ஸ்டார்' 2016 ஜனவரி 8 அன்று வெளியானது. இரண்டே நாளில் அவர் இறந்துபோனார். ஜொனாதன் பார்ன்புரூக் வடிவமைத்த அட்டையில் ஒரு பெரிய கறுப்பு நட்சத்திரம். அதன் கீழே நறுக்கிப்போட்டது போல் சில நட்சத்திரத் துண்டுகள். அலங்காரம் என்று தாண்டிப்போய்விடலாம். உற்றுப் பார்த்தால் அந்தத் துண்டுகள் போவி என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகள். இசைத்தட்டின் உறையை வெயிலில் காட்டினால் கறுப்புக்குள்ளிருந்து விண்மீன்கள் எட்டிப்பார்ப்பதை ரசிகர்கள் கண்டுபிடிக்க மே மாதமாகிவிட்டது.

துண்டுகளை எழுத்தாக வாசிப்பது கண் அல்ல, மூளை. விடுபட்ட கோட்டை அதுவே இழுத்து முடித்துக்கொள்கிறது. இரவு வானத்தைப் பார்க்கும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியும் சில ஆயிரம் புள்ளிகளில் ஏழை எடுத்து எந்த உருவத்தையும் வரைந்துவிடலாம்.

போவி இறந்த சில நாட்களில் பெல்ஜியத்தின் மீரா வானியல் மையமும் ஸ்டுடியோ பிரஸ்ஸல் வானொலியும் அப்படித்தான் வரைந்தன. 1973இல் வந்த 'அலாடின் சேன்' அட்டையில் போவியின் முகத்தைக் குறுக்காக வெட்டும் மின்னலை ஏழு விண்மீன்களால் வானத்தில் போட்டார்கள். செய்திகளில் வந்த பட்டியலில் ஸ்பைகாவும் ஆல்ஃபா விர்ஜினிஸும் தனித்தனியாக இருந்தன. இரண்டும் ஒன்றே; நாம் சித்திரை என்று அழைக்கும் அதே விண்மீன். அஞ்சலி அவசரத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது!

அந்த மின்னல் தட்டையானதும் அல்ல. சித்திரை சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஸீட்டா சென்டாரி ஏறத்தாழ 380. பக்கவாட்டிலிருந்து பார்க்க முடிந்தால் மின்னல் சிதறிப்போகும். வேட்டைக்காரனாக வரையப்படும் ஓரியன் விண்மீன் குழுவுக்கும் இதே கதிதான்.

பிறகு ஓரியனுக்கு மட்டும் ஏன் அங்கீகாரம்? சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கணக்கில் விண்மீன் குழு என்பது உருவம் அல்ல, எல்லை பிரித்த நிலம். மொத்தம் 88, வானத்தில் ஓர் அங்குலமும் புறம்போக்கு இல்லை. 1930இல் வெளியான அந்த எல்லைக்கோடுகளை வரைந்தவர் எழேன் டெல்போர்ட், அவரும் பெல்ஜியக்காரர்தான். எல்லைகளை மதிக்காமல் கன்னி, துலாம், சென்டாரஸ் என்று தாவும் மின்னலுக்கு அங்கே பட்டா கிடையாது. சப்தரிஷி மண்டலம் போல மக்கள் வழக்கில் உலவலாம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. பிரஸ்ஸல்ஸ் 51 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) ஏறக்குறைய 39 பாகைக்கும் மேல் தெற்கே தள்ளியிருக்கும் எதுவும் உதிப்பதே இல்லை. ஸீட்டா சென்டாரி இருப்பதோ 47 பாகை தெற்கே. மின்னலை வரைந்தவர்களால் அதன் வால்பகுதியைத் தங்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாது. கன்னியாகுமரியில், மே மாத இரவில், தெற்கே கடலுக்கு மேல் அது நன்றாகவே தெரியும்.